இறால் ஓடும் ஆஸ்பத்திரித் துணியும்

மைசூர் நகரில் செலுவாம்பா மாளிகை என்னும் பழைய அரண்மனைக் கட்டடம் ஒன்று உண்டு. 1950ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள் அங்கே மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பெற்றது. உணவைக் கெடாமற் காப்பது அந்நிலையத்தின் தலையாய பணிகளுள் ஒன்று. உணவைக் கெடுப்பனவும் புண்ணைச் சீழ்ப்பிடிக்கச் செய்வனவும் நுண்ணுயிர்களே. ஆதலின், அந்நிலையத்தில் பல்லாண்டுகள் ஆராயப்பெற்ற பொருளொன்று உலகின் பல நாடுகளில் நெசவு நிபுணர்களின் கருத்தையும் கவர்ந்திருப்பதில் வியப்பில்லை. அப்பொருளுக்குக் கைட்டோசான் என்று பெயர்.

இறாலை உரித்தபின் நாம் எறிந்துவிடும் ஓட்டிலிருந்து இது பெறப்படுகின்றது. ஓட்டை நீர்த்த அமிலத்தில் ஊறவைத்தால் சுண்ணாம்புச் சத்து கரைந்துவிடும். நீர்த்த காஸ்டிக் சோடாவில் இட்டால் புரதம் நீங்கும். எஞ்சுவது கைட்டின். 1811இல் பிரெஞ்சு விஞ்ஞானி பிராக்கனோ இதனைக் காளான்களில் கண்டார். கைட்டினைச் செறிந்த காஸ்டிக் சோடாவில் காய்ச்சினால் கைட்டோசான் கிடைக்கும். மைசூர் ஆராய்ச்சியாளர்கள் கைட்டோசான் படலம் போர்த்திய பெட்டிகளில் அல்போன்சா மாம்பழங்களை வைத்துப் பார்த்தனர். சாதாரணமாக ஒன்பது நாட்களளவே நிற்கும் பழங்கள் பதினெட்டு நாட்கள் வரை பூசணமின்றி நின்றன என்பது 2002இல் வெளியான அவர்களது முடிவு.

இனித் துணிக்கு வருவோம். படுக்கை விரிப்பு, திரைச்சீலை, தாதியின் மேலங்கி ஆகிய அனைத்திலும் கிருமிகள் தங்குகின்றன. எவ்வளவு காலம்? அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், ஆஸ்பத்திரிகளில் பெருந்தொல்லை விளைக்கும் ஸ்டாபிலோகாக்கஸ் முதலிய கிருமிகளைப் பருத்தியிலும் பாலியெஸ்டரிலும் பிளாஸ்டிக்கிலும் இட்டு ஆராய்ந்தனர். எல்லாம் குறைந்தது ஒரு நாளேனும் பிழைத்தன. சில தொண்ணூறு நாட்களுக்கு மேலும் உயிரோடிருந்தன. பருத்தியைக் காட்டிலும் பாலியெஸ்டரில் அவற்றின் ஆயுள் நீண்டிருந்தது.

கைட்டோசான் இக்கிருமிகளை எங்ஙனம் தாக்குகின்றது? சற்றே அமிலத்தன்மையுள்ள ஈரத்தில் அதன் அமினோத் தொகுதிகள் நேர் மின்னேற்றம் பெறுகின்றன. பாக்டீரியாவின் மேற்புறமோ எதிர் மின்னேற்றம் உடையது. இரண்டும் ஒட்டிக்கொள்ள, கிருமியின் உறை சிதைந்து உள்ளிருப்பவை வெளியே கசிகின்றன. பருத்தி நூலோடு இதனைப் பிணைப்பதற்குச் சிட்ரிக் அமிலம் போன்றவை உதவும். துணியைக் கரைசலில் தோய்த்துப் பிழிந்து, உலர்த்தி, பின்னர் உயர்ந்த வெப்பத்தில் பதப்படுத்துவர். வெள்ளி, செம்பு ஆகியவை ஏற்றிய துணிகள் வேறு வகையின. அவற்றிலிருந்து உலோக அயனிகள் சிறிது சிறிதாக வெளிப்பட்டுக் கிருமியைக் கொல்லும். இருப்புத் தீர்ந்தால் வலிமையும் தீரும். நூலோடு பிணைந்த கைட்டோசான் அவ்வாறு செலவழிவதில்லை. எனினும் அழுக்கும் செத்த கிருமிகளும் மேலே படிந்துவிட்டால் அதுவும் பயன் குன்றும்.

நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது கிருமிகளைக் கொல்லும் துணி என்று விற்பனையாளர் கூறுவது பொய்யன்று. ஆனால் அவ்வெண் எங்ஙனம் பெறப்பட்டது என்பதை நோக்கவேண்டும். சோதனைச்சாலையில் ஈரமான துணியின்மேல் கிருமிகளை இட்டு, பதினெட்டு முதல் இருபத்துநான்கு மணி நேரம் விட்டுவைத்து, அதன்பின்னரே எண்ணுகிறார்கள். வார்டிலோ தாதி ஒரு நோயாளியை விட்டு அடுத்தவரிடம் செல்லச் சில நிமிடங்களே ஆகின்றன. அவருடைய அங்கியும் உலர்ந்தே இருக்கும். அமெரிக்காவில் தீவிர சிகிச்சைப் பிரிவுத் தாதியர் நாற்பதின்மர் சாதாரண அங்கியையும் கிருமி எதிர்ப்பு அங்கிகள் இருவகையையும் மாறிமாறி அணிந்து பணிபுரிந்தனர். படிந்த கிருமிகளின் அளவில் மூன்றுக்குமிடையே வேறுபாடு காணப்படவில்லை என்று 2017இல் வெளியான அவ்வாய்வு கூறுகின்றது. இதற்கு மாறாக, இஸ்ரேலில் மூளைக்காயம் பட்டோர் நெடுநாள் தங்கும் வார்டு ஒன்றில் விரிப்புகளையும் உடைகளையும் செம்பு ஆக்சைடு ஏற்றிய துணிகளாக மாற்றியபோது தொற்றுகள் நூற்றுக்கு 24 குறைந்தன என 2014இல் அறிவிக்கப்பட்டது. ஒரே வார்டில் முன்னும் பின்னும் ஒப்பிட்டுக் கண்ட முடிவு அது. எனினும், உடலோடு நாள்முழுதும் ஒட்டிக்கிடக்கும் துணிக்கும் திரைச்சீலைக்கும் உள்ள வேற்றுமையை அது நினைவூட்டுகின்றது.

சலவையும் ஓர் இடர்ப்பாடு. ஆஸ்பத்திரித் துணிகளைக் கொதிநீரிலும் காரச் சோப்பிலும் சலவைத்தூளிலும் இட்டு வெளுப்பது வழக்கம். காரத்தில் கைட்டோசான் தன் மின்னேற்றத்தை இழக்கும். பிணைப்பும் நாளடைவில் தளரும். நன்கு வெளுக்கும் சலவைச்சாலை தானே பெரும்பாலான கிருமிகளைக் கொன்றுவிடுகின்றது என்பதையும் மறத்தற்கில்லை.

இவற்றையெல்லாம் நோக்குமிடத்து, கைட்டோசானுக்கு ஏற்ற இடம் திரைச்சீலையன்று, புண்ணின்மேல் இடும் கட்டுத்துணியே எனத் தோன்றுகின்றது. அங்கே ஈரம் உண்டு. மணிக்கணக்கான தொடர்பு உண்டு. ஒருமுறை பயன்படுத்தி எறிவதால் சலவையும் இல்லை. இரத்தப்பெருக்கை நிறுத்தும் கைட்டோசான் கட்டுகள் இந்நூற்றாண்டின் தொடக்கம் முதல் போர்முனைகளில் பயன்பட்டு வருகின்றன. படுக்கை விரிப்புக்காக இத்தகைய துணியை வாங்க எண்ணும் மருத்துவமனை, எத்தனை சலவைக்குப்பின் சோதிக்கப்பட்டது, எத்தனை மணி நேரத்தில் கிருமிகள் மடிந்தன என்னும் இரண்டையும் விற்பவரிடம் கேட்டறிதல் வேண்டும். மருத்துவத் துணிகளுக்கெனத் தனிப்பிரிவு வைத்திருக்கும் கோயமுத்தூர்த் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம் போன்ற நிலையங்களில் இவற்றைச் சோதித்தறியவும் இயலும்.