வளைந்தாலும் வேகம் குறையாத மூட்டு

லாரியின் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றும் முன் நல்ல மெக்கானிக் உளியை எடுத்து, இரண்டு துண்டும் சேரும் இடத்தில் ஒரு கோடு போட்டுக்கொள்வார். திரும்ப மாட்டும்போது கோடுகள் நேருக்கு நேர் வர வேண்டும். துண்டுகளை இணைக்கும் பல்வரிசையான ஸ்ப்ளைனில் பல் தள்ளி மாட்டிவிட்டால், எல்லா பாகமும் புதிதாகவே இருந்தாலும் வண்டி அதிரும். அதற்கான காரணம் ஜாயின்ட் கிராஸில் இருக்கிறது.

கியர்பாக்ஸ் சேஸிஸோடு சேர்ந்து நிற்கிறது. பின் ஆக்சிலோ ஸ்பிரிங் பட்டைகளோடு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது. இடையில் போகும் ஷாஃப்ட் சுழன்றபடியே வளைய வேண்டும். அதற்காகத்தான் இரு முனையிலும் கிராஸ்: நான்கு கை கொண்ட ஓர் எஃகுச் சிலுவை, ஒவ்வொரு கையிலும் ஊசி உருளைகள் நிரம்பிய ஒரு கப். ஆனால் வளைந்த கிராஸ் வேகத்தை அப்படியே கடத்தாது. 30 டிகிரி வளைவில் ஒரு பக்கம் நிமிடத்துக்கு 1000 சுற்று என்று சீராகச் சுழன்றால், மறுபக்கத்தின் வேகம் 866-க்கும் 1155-க்கும் இடையே ஏறி இறங்கும். அதுவும் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை.

மோட்டார் வண்டி பிறப்பதற்கு வெகு காலம் முன்பே இங்கிலாந்தின் ராபர்ட் ஹூக் இந்த ஏற்ற இறக்கத்தைக் கவனித்துவிட்டார். 1676-இல் வெளியான நூலில் இந்த மூட்டை விவரித்த அவர், இதன் சீரற்ற சுழற்சியும் சூரியக் கடிகாரத்தில் நிழல் நகரும் கணக்கும் ஒன்றே என்று கண்டார். மணிக்கோடுகள் சம இடைவெளியில் விழாததற்குக் காரணமான அதே கோணக் கணக்குதான் லாரிக்கு அடியிலும் ஓடுகிறது. எனக்கு இது இன்றும் வியப்பு.

ஒரு கிராஸ் செய்யும் கோளாறை இன்னொரு கிராஸ் சரிசெய்யும். இரண்டின் கோணமும் சமமாக இருந்து, நடு ஷாஃப்ட்டின் இரு முனையிலும் கிராஸைப் பிடிக்கும் யோக்குகளும் ஒரே தளத்தில் இருந்தால், முன்னது கூட்டியதைப் பின்னது குறைத்துவிடும். உளிக்கோடு காப்பது இந்தப் பொருத்தத்தை.

முன் சக்கரத்துக்கு இந்த வழி உதவாது. அது ஏறி இறங்குவதோடு ஸ்டியரிங்குக்கும் திரும்ப வேண்டும். கோணம் நொடிக்கு நொடி மாறும். இதற்கு விடை கண்டவர்களில் ஒருவர் ஃபோர்டில் பொறியாளராக இருந்த ஆல்ஃப்ரட் ஷெப்பா. 1920-களில் காப்புரிமை பெற்ற அவருடைய மூட்டில், உள்ளும் வெளியும் வெட்டிய வளைந்த பள்ளங்களில் ஆறு எஃகுக் குண்டுகள் உட்காரும். மூட்டு எவ்வளவு வளைந்தாலும் குண்டுகள் அந்தக் கோணத்தைச் சரிபாதியாக வெட்டும் தளத்திலேயே நிற்கும். இரு பக்கமும் அவற்றுக்கு ஒன்றுபோலவே இருப்பதால் வேகமும் மாறாது. 1959-இல் வந்த மினி கார் இந்த வகை மூட்டைப் பெரும் எண்ணிக்கையில் சாலைக்குக் கொண்டுவந்தது. முன் சக்கர இழுவையை நம் வீடுகளுக்குப் பழக்கியது 1983-இல் வந்த மாருதி 800.

வேகம் மாறாததால் சி.வி. ஜாயின்ட் எனப்படும் இந்த மூட்டைக் காப்பது சில நூறு ரூபாய் ரப்பர் பூட். அதன் மடிப்பில் கீறல் விழுந்தால், சுழலும் வேகத்தில் கருப்பு கிரீஸ் வெளியே தெறித்து, சக்கரத்தின் உட்பக்கமெல்லாம் அப்பிக்கிடக்கும். அந்த வழியாகவே மணலும் தண்ணீரும் உள்ளே போகும். இந்தக் கட்டத்தில் பிடித்துவிட்டால் ஜாயின்ட் பிழைக்கும். கழற்றி, பழைய கிரீஸை முழுக்கக் கழுவி, குண்டுகளிலும் பள்ளங்களிலும் குழி விழவில்லை என்று வெளிச்சத்தில் பார்த்து, அதற்குரிய மாலிப்டினம் கிரீஸ் அடைத்து, புது பூட்டும் கிளாம்பும் போட்டால் போதும். சாதாரண வீல் பேரிங் கிரீஸ் இதற்கு ஆகாது.

விட்டுவிட்டால் சத்தம் வரும். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக வட்டமடிக்கும்போது 'டக் டக்' என்றால் சக்கரத்தை ஒட்டிய வெளி ஜாயின்ட் தேய்ந்துவிட்டது. நேராகப் போகையில், ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது மட்டும் வண்டி நடுங்கினால் கியர்பாக்ஸை ஒட்டிய உள் ஜாயின்ட்டைச் சந்தேகிக்கலாம். லாரியில் கிளட்ச் விட்டதும் 'டங்' என்று அடி கேட்டால் கிராஸைப் பாருங்கள்; கப்பைச் சுற்றிச் செம்பழுப்புத் தூள் படிந்திருந்தால் உள்ளே கிரீஸ் வற்றி ஊசிகள் துருப்பிடித்துவிட்டன. சத்தம் வந்த ஜாயின்ட்டுக்குப் புது கிரீஸ் அடைப்பது வீண் செலவு. குழி விழுந்த எஃகை எந்த கிரீஸும் நிரப்பாது. சி.வி. ஜாயின்ட்டை மாற்றும்போது ஆக்சில் நட்டையும் புதிதாகவே போட்டு, தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சில் முறுக்க வேண்டும். சக்கர பேரிங்கின் ஆயுள் அந்த இறுக்கத்தில் இருக்கிறது.