விழுங்கியது போக மிஞ்சியது

எண்பதுகளில் தில்லி சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் மே மாதம் வந்துவிட்டால் படுக்கை மொட்டை மாடியில்தான். சாயங்காலம் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுவோம். தரையின் ஆவி அடங்கியபின் கயிற்றுக் கட்டில்களைப் போடுவோம். அப்பா தெற்கே கைகாட்டி, "அதான் சித்திரை. பௌர்ணமி நிலா இதுகிட்ட வந்தா சித்ரா பௌர்ணமி" என்பார்.

1984-இல் தீன்மூர்த்தியில் நேரு கோளரங்கம் திறந்தது. அடுத்த விடுமுறையில் அங்கே போனேன். இன்னும் 500 கோடி ஆண்டுகளில் சூரியன் உப்பிப் புதனையும் வெள்ளியையும் விழுங்கும், பூமியும் தப்புவது சந்தேகம், கடைசியில் பூமியளவு கனல்தான் மிஞ்சும் என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். அன்றிரவு கட்டிலில் தூக்கம் வரவில்லை. அந்தக் கனலுக்கு வெண்குறுமீன் என்று பெயர். 1930-இல் பம்பாயில் கப்பலேறிய 19 வயது சந்திரசேகர், அதன் நிறை சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்குக்கு மேல் போக முடியாது என்று கணக்கிட்டதைப் பள்ளியில் படித்தோம். அதைச் சுற்றி ஏதாவது பிழைத்திருக்குமா என்று நாங்களும் கேட்கவில்லை, பாடமும் சொல்லவில்லை.

விடையோ அப்போதே பெட்டிக்குள் இருந்தது. அதை நினைத்தால் இன்றும் எனக்குச் சிலிர்க்கிறது. 1917-இல் அமெரிக்காவின் மவுண்ட் வில்சன் ஆய்வகத்தில் வான் மானன் விண்மீனின் நிறமாலையை ஒரு கண்ணாடித் தட்டில் பதித்தார்கள். அதில் கால்சியத்தின் கோடுகள் பளிச்சென்று விழுந்திருந்தன. வெண்குறுமீனின் ஈர்ப்பு கடுமையானது. கால்சியம், இரும்பு போன்ற கனமான தனிமங்கள் மேலே தங்காமல் உள்ளே அமிழ்ந்துவிடும். மேலே தெரிகிறதென்றால் வெளியிலிருந்து வந்து விழுந்திருக்க வேண்டும். விழுந்தது, அருகே போய்ச் சிதறிய சிறுகோள்களின் தூள். 1987-இல் இன்னொரு வெண்குறுமீனிடம் அகச்சிவப்பு ஒளி கூடுதலாகத் தெரிந்தது. அது தூசித் தட்டிலிருந்து வருகிறது, நொறுங்கிய சிறுகோளின் தூசி அது என்று 2003-இல் வானியலாளர் மைக்கேல் ஜூரா விளக்கினார். அதற்குப் பிறகுதான் 1917-இன் தட்டை எடுத்துப் பார்த்தவர்களுக்கு அதன் பொருள் புரிந்தது.

இன்று தேடல் மும்முரம். 2020-இல், 80 ஒளியாண்டு தொலைவிலுள்ள ஒரு வெண்குறுமீனை வியாழன் அளவுள்ள கோள் ஒன்று 34 மணி நேரத்துக்கு ஒருமுறை சுற்றுவது தெரிந்தது. விண்மீன் உப்பிய காலத்தில் அவ்வளவு அருகே இருந்திருந்தால் அது பிழைத்திருக்காது. பிற்பாடு நகர்ந்து வந்திருக்க வேண்டும். நம் நாட்டிலும் 2021-இல், இயற்பியல் ஆய்வகத்தின் அபிஜித் சக்ரவர்த்தி குழு, மவுண்ட் அபுவிலிருந்து 'பாரஸ்' கருவியால், மூப்படையும் விண்மீன் ஒன்றை 3.2 நாளில் சுற்றும் கோளைக் கண்டது. இன்னும் விழுங்கப்படாத கோள் அது.

எங்கள் காலனியைப் புதிதாகக் கட்ட மத்திய அமைச்சரவை 2016-இல் ஒப்புதல் தந்தது. 2018-இல் மெட்ரோ வந்தது. போன சித்திரையில் அங்கே இறங்கிப் போனேன். எங்கள் பிளாக் இருந்த பக்கம் தகர வேலி. உள்ளே ஒரு வேப்பமரம். புழுதி மங்கலில் சித்திரை மட்டும் அதே இடத்தில்.

கையை நீட்டி அளந்தால் அதிலிருந்து மேற்கே ஒரு சாணுக்குச் சற்றுக் கூட, அதே கன்னி ராசியில், வெறும் கண்ணுக்கு எட்டாத ஒரு வெண்குறுமீன் உண்டு. நாலரை மணிக்கு ஒருமுறை அதைச் சுற்றியபடி நொறுங்கும் பாறைகளைக் கெப்ளர் தொலைநோக்கி காட்டித் தந்தது 2015-இல். அப்பா கைகாட்டிய வானம்தான்.