தட்டை முகர்ந்துவிட்டு விலகும் நாய்

செவலை தன் தட்டை முகர்ந்து பார்ப்பாள். மூக்கால் அதை ஓர் ஓரமாகத் தள்ளுவாள். பிறகு அடுக்களை வாசலில் போய்ப் படுத்துக்கொண்டு தோசைக்கல்லையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஆச்சிக்கு மனசு கேட்காது. "ஏட்டி, பச்சப்புள்ள பசியோட கெடக்கு. ஒரு தோசையப் போட்டா கொறஞ்சா போயிருவோம்?" என்றபடி ஓரம் முறுகிய ஒன்றைப் பிய்த்துப் போடுவார்கள். செவலை அதை மெல்லாமலே விழுங்குவாள். தட்டில் இருந்த அவளுடைய சாப்பாட்டை எறும்பு மொய்க்கும்.

நாய் வளர்க்கும் பல வீடுகளில் இதுதான் நடக்கிறது. "எங்க நாய் டாக் ஃபுட்டைத் தொடவே தொடாது, ரொம்ப அடம்" என்று சொல்லாதவர்கள் குறைவு. அந்த 'அடம்' என்ற சொல்தான் எனக்கு உறுத்துகிறது. வயிறு நிறைந்த நாயும் தட்டை ஒதுக்கும். உடம்புக்கு முடியாத நாயும் ஒதுக்கும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். எது என்று தெரிந்துகொள்ளாமல் நாம் எடுக்கும் எந்த வழியும் தப்பாகவே முடியும்.

முதலில் வயிற்றுக் கணக்கைப் பார்ப்போம். கருத்தடை செய்த, பத்து கிலோ எடையுள்ள, வளர்ந்த நாய் ஒன்றுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 600 கலோரி போதும். ஒரு குளுக்கோஸ் பிஸ்கட்டில் ஏறக்குறைய 25 கலோரி இருக்கிறது. காலையில் அப்பா காபி குடிக்கும்போது நான்கு பிஸ்கட், அரை டம்ளர் பால், ஆச்சி கையால் எண்ணெய் விட்டுச் சுட்ட ஒரு தோசை. கூட்டிப் பாருங்கள், முந்நூறை நெருங்கிவிடும். மணி ஒன்பது ஆவதற்குள் பாதி நாள் சாப்பாடு உள்ளே போய்விட்டது. இதற்கு மேல் அபார்ட்மென்ட் வாட்ச்மேன் அண்ணன் தரும் பன், பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் பங்கிடும் சிப்ஸ். மதியம் தட்டை வைத்தால் அது ஏன் சாப்பிடப் போகிறது? நொறுக்குத் தீனியெல்லாம் சேர்ந்து ஒரு நாள் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது கால்நடை மருத்துவர்கள் சொல்லும் அளவு. பத்து கிலோ நாய்க்கு அது 60 கலோரி, அதாவது இரண்டு பிஸ்கட்டுக்குச் சற்று மேல்.

ஒரு வாரம் ஒரு தாளைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டி, யார் எது கொடுத்தாலும் எழுதச் சொல்லுங்கள். பிள்ளைகள் எழுதிவிடுவார்கள்; பெரியவர்களைத்தான் நினைவூட்ட வேண்டியிருக்கும். பெரும்பாலான வீடுகளில் விடை அந்தத் தாளிலேயே வந்துவிடும்.

வராவிட்டால் கவலைப்பட வேண்டும். எங்கள் வீட்டில் நான் செய்த தவறு இங்கேதான் இருக்கிறது. செவலைக்கு ஏழு வயதானபோது மறுபடி தட்டை ஒதுக்கத் தொடங்கினாள். பழைய பழக்கம் திரும்பிவிட்டது என்று நினைத்து, எல்லோரையும் கண்டித்து, வேறு எதுவும் கொடுக்கக் கூடாதென்று கட்டுப்பாடு போட்டேன். தயிர்சோற்றை மட்டும் நக்கித் தின்றாள். அதைப் பார்த்து, அடம்தான் என்று உறுதியாகவே முடிவு கட்டினேன். ஐந்தாவது நாள் அவளுடைய வலது கண்ணுக்குக் கீழே லேசாக வீங்கியிருந்தது. மேல் கடைவாய்ப் பல்லில் ஒரு சில்லு பெயர்ந்து, வேரில் சீழ் கட்டியிருந்தது. எப்போதோ ஆட்டெலும்பைக் கடித்ததில் உடைந்திருக்க வேண்டும். கெட்டியானதைக் கடிக்க முடியாமல்தான் அந்த ஐந்து நாளும் விலகிப் போயிருக்கிறாள். அவள் வாயைத் திறந்து பார்க்க எனக்கு ஒரு நிமிடம் ஆகியிருக்காது. அதை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.

மென்மையானதைத் தின்று கெட்டியானதைக் கீழே போட்டால் வாயைப் பாருங்கள். ஆசையாகத் தட்டுவரை வந்து, முகர்ந்ததும் உதட்டை நக்கிக்கொண்டு எச்சில் வடியப் பின்வாங்கினால் அது குமட்டல். நம் ஊர் வெக்கைக்கும் ஈரத்துக்கும் உண்ணி எப்போதும் உண்டு. உண்ணிக் காய்ச்சல் வந்த நாய் முதலில் சாப்பாட்டைத்தான் விடும். பிறகு சோர்வு, வெளுத்த ஈறு, சில நாய்களுக்கு மூக்கில் ரத்தம். கருத்தடை செய்யாத பெண் நாய், தீட்டு முடிந்து ஒன்றிரண்டு மாதத்துக்குள், சாப்பிடாமல் தண்ணீரை மட்டும் அதிகமாகக் குடித்தால் கருப்பையில் சீழ் பிடித்திருக்கலாம். அதற்குப் பெரும்பாலும் அறுவை சிகிச்சைதான். ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. மாம்பழக் காலத்தில் கொட்டையையும், கடற்கரைக்குப் போய் வந்தால் சோளக் கதிரின் தக்கையையும் விழுங்கிவிட்டுக் குடல் அடைத்துக்கொண்டு வரும் நாய்கள் உண்டு. சாப்பிடாமல் திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தால் அதை நினைவில் வையுங்கள். வயிறு உப்பி, ஓங்கரித்தும் ஒன்றும் வெளியே வரவில்லை என்றால் வண்டியை எடுங்கள். இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம், அது சில மணி நேரத்தில் உயிரைக் குடிக்கும்.

நன்றாக விளையாடிக்கொண்டு, தண்ணீர் குடித்துக்கொண்டு இருக்கும் வளர்ந்த நாய் ஒரு நாள் சாப்பிடாவிட்டால் பதற வேண்டாம். 24 மணி நேரம் தாண்டினால் மருத்துவரிடம் காட்டுங்கள். குட்டிக்கு இந்த அவகாசம் கிடையாது. சின்ன இனக் குட்டிகள் அரை நாள் சாப்பிடாவிட்டாலே ரத்தத்தில் சர்க்கரை இறங்கித் துவண்டுவிடும். தடுப்பூசி முடியாத குட்டி சாப்பிடாமல் வாந்தியும் எடுத்தால் பார்வோ வைரஸ் நோயாக இருக்கலாம். இன்சுலின் போடும் நாய் சாப்பிடவில்லை என்றால், ஊசி போடும் முன் மருத்துவரைக் கேளுங்கள். காய்ச்சல் மாதிரி இருக்கிறதென்று நம் வீட்டு மாத்திரை டப்பாவைத் திறக்காதீர்கள். ஐபுப்ரோஃபென் நாயின் குடலைப் புண்ணாக்கி, சிறுநீரகத்தையும் கெடுக்கும். வாயைப் பிளந்து ஊட்டுவதும் சிரிஞ்சில் கஞ்சியைப் பீய்ச்சுவதும் நுரையீரலுக்குள் போய்ச் சளிக்காய்ச்சலாக முடிந்ததுண்டு.

உடம்பு சரியாக இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் பழக்க வேண்டும். வழி எளிது, வீட்டில் எல்லோரும் ஒத்துழைப்பதுதான் கடினம். காலை ஒரு நேரம், மாலை ஒரு நேரம் என்று குறித்துக்கொண்டு, அளந்த சாப்பாட்டை வையுங்கள். பதினைந்து இருபது நிமிடம் விட்டுவிடுங்கள். பக்கத்தில் நின்று கெஞ்ச வேண்டாம். மீதி இருந்தால் பேசாமல் எடுத்துவிடுங்கள். அடுத்த வேளைவரை தண்ணீர் மட்டும். பெரும்பாலான நாய்கள் இரண்டு மூன்று நாளில் நேரத்தைப் பிடித்துக்கொள்ளும். நாக்கைவிட மூக்குதான் நாய்க்குச் சுவை சொல்கிறது. நம் நாக்கில் சுமார் 9,000 சுவை அரும்புகள் என்றால் நாய்க்கு 1,700 அளவில்தான். அதனால் உலர்ந்த டாக் ஃபுட்டில் வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிட்டால் வாசம் கிளம்பும். உப்பு சேர்க்காத கோழிக்கறி வேகவைத்த தண்ணீர் இன்னும் நல்லது. தட்டு எவர்சில்வராக இருக்கட்டும், ஒவ்வொரு வேளையும் கழுவுங்கள். வீட்டில் பூனையோ இன்னொரு நாயோ இருந்தால் தனி இடத்தில் வையுங்கள். பயத்தில் சாப்பிடாத நாய்களும் உண்டு. சித்திரை வெயிலில் பகலில் வைக்காமல் விடிகாலையிலும் பொழுது சாய்ந்த பிறகும் வைத்தால் போதும்.

சாப்பாட்டை மாற்றுவதானால் ஒரே நாளில் மாற்றாதீர்கள். முதல் இரண்டு மூன்று நாள் பழையது முக்கால், புதியது கால். பிறகு பாதிப் பாதி. பிறகு புதியது முக்கால். ஒரு வாரம் பத்து நாள் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் வயிறு போகும், நாய் அந்த வாசத்தையே வெறுத்துவிடும்.

மீதித் தட்டை எடுத்துவிடும் அந்த முறையை ஒருவர் சொல்ல இன்னொருவர் கேட்டு, 'பட்டினி போட்டால் தானா வழிக்கு வரும்' என்று புரிந்துகொள்கிறார்கள். நாய் பழக்குபவர்கள் சிலரே அப்படிச் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். ஒரு வேளைத் தட்டை எடுத்து, அடுத்த வேளை மறுபடி வைப்பது பழக்கம். நாள்கணக்கில் தட்டே வைக்காமல் இருப்பது குற்றம். 1960-ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம், பிரிவு 3-இல், விலங்கைப் பொறுப்பில் வைத்திருப்பவர் அதன் நலனைப் பேண வேண்டும் என்கிறது. போதிய உணவும் நீரும் இருப்பிடமும் தராத உரிமையாளர் வதை செய்தவராகிறார் என்கிறது பிரிவு 11. பசியால் வாடும்படி விலங்கைக் கைவிடுவதும் அதே பிரிவில்தான் வருகிறது. முதல் குற்றத்துக்கு அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய்தான். ஓர் உயிரின் பட்டினிக்கு இந்தத் தொகை என்பது வேதனைக்குரியது. திருத்தப்பட வேண்டிய சட்டம் இது. ஆனாலும் கடமை கடமைதான். ஜல்லிக்கட்டு வழக்கில் 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, விலங்குகளுக்கான ஐந்து சுதந்திரங்களைப் பேசியது. அவற்றில் முதலாவது பசி, தாகம், ஊட்டக்குறைவு ஆகியவற்றிலிருந்து விடுதலை. அண்டை வீட்டில் ஒரு நாய் எலும்பும் தோலுமாகக் கட்டிக் கிடந்தால், தேதியோடு படம் எடுத்து, காவல் நிலையத்தில் எழுத்தாகப் புகார் கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு.

நம் சாப்பாட்டையே போட்டால் என்ன, அந்தக் காலத்து நாயெல்லாம் பழைய சோறு தின்று வளரவில்லையா என்று கேட்பார்கள். வளர்ந்தன. அவற்றில் எத்தனை எத்தனை வயதுவரை இருந்தன என்று யாரும் எழுதி வைக்கவில்லை. நம் சமையலில் வெங்காயமும் பூண்டும் இல்லாத குழம்பு ஏது? இரண்டும் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். வேகவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. தினம் கொஞ்சமாகச் சேர்ந்தாலும் கெடுதல்தான். சோர்வு தெரியச் சில நாள் ஆவதால், சாம்பார்தான் காரணம் என்று யாருக்கும் தோன்றாது. பாயசத்தில் மிதக்கும் உலர்திராட்சை சிறுநீரகத்தைச் செயலிழக்க வைக்கக்கூடும். எந்த அளவு பாதுகாப்பு என்று சொல்லவே முடியாது. கறுப்புச் சாக்லேட், சர்க்கரை இல்லாத சூயிங்கத்தில் போடும் சைலிட்டால், பிரியாணியில் வெந்து சில்லுச் சில்லாக உடையும் கோழி எலும்பு எதுவும் வேண்டாம். இவற்றில் ஒன்றைத் தின்றுவிட்டது தெரிந்தால் உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைக்காதீர்கள், உப்பே நஞ்சாகிவிடும். தின்றது என்ன, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று குறித்துக்கொண்டு, உறையையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். சென்னை வேப்பேரியிலும் நாமக்கல்லிலும் திருநெல்வேலியிலும் ஒரத்தநாட்டிலும் அரசுக் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன.

வீட்டில் தனியாகச் சமைத்துப் போடுவது நல்ல வழிதான். ஆனால் கோழித் தலையும் காலும் போட்ட சோறு மட்டுமோ, வெறும் கறி மட்டுமோ நிறைவான உணவு ஆகாது. சுண்ணாம்புச் சத்துக் கணக்கு தப்பினால் வளரும் குட்டியின் கால் வளையும். ஒருமுறை மருத்துவரிடம் அளவு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பாக்கெட்டைத் திறந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. நாள்தோறும் ஆசையாகத் தின்ற நாய் புதுப் பையைத் திறந்ததும் ஒதுக்கினால், அதன் மூக்கை மதியுங்கள். 2007 மார்ச்சில் வட அமெரிக்காவில், மெலமின் கலந்த கோதுமைப் புரதத்தால் நாய்களும் பூனைகளும் சிறுநீரகம் பழுதாகி இறந்தபோது, ஆறு கோடி டப்பாக்களையும் பொட்டலங்களையும் திரும்பப் பெற நேர்ந்தது. பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தில் உண்டாகும் அஃப்ளடாக்சின் கல்லீரலை அழிக்கும். நம் பெட் ஷாப்புகளில் இருபது கிலோ மூட்டையைப் பிரித்து லூஸில் நிறுத்துக் கொடுக்கிறார்கள். விலை குறைவுதான், ஆனால் அதில் தயாரிப்புத் தேதி இல்லை, பேட்ச் எண் இல்லை, எத்தனை நாள் திறந்து கிடந்தது என்பதும் இல்லை. சின்னப் பையாக வாங்குங்கள், அந்தப் பையிலேயே காற்றுப் புகாமல் மடித்து வையுங்கள், ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.

இந்தியாவின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 'உணவு' என்பது மனிதர் உண்பது. விலங்குத் தீவனம் அதில் வராது. அதனால் வழி இல்லை என்று நினைக்க வேண்டாம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பணம் கொடுத்து வாங்கும் எந்தப் பொருளுக்கும் பொருந்தும். பில்லைக் கேட்டு வாங்குங்கள். நாய்க்கு முடியாமல் போனால் பையைத் தூக்கி எறியாதீர்கள். பேட்ச் எண் தெரியப் படம் எடுத்து, மீதியைக் கட்டி வைத்து, மருத்துவரின் குறிப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் சொல்லலாம். அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு ஆண்டுக்குள் போகலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. ஊருக்குப் போகும்போது நாயை விட்டுச் செல்லும் காப்பகமும் கட்டணம் வாங்கும் சேவைதான். என்ன சாப்பாடு, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று எழுதிக் கொடுத்து, ஒரு நாள் சாப்பிடாவிட்டால் உடனே அழைக்க வேண்டும் என்று கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் கடைசிவரை தீராமல் இருந்தது ஆச்சியின் தோசை. கொடுக்கக் கூடாது என்றால் அவர்கள் முகம் வாடிவிடும். கொடுத்துப் பழகிய கை அது. அதனால் தினமும் காலையில் செவலையின் பங்கிலிருந்தே ஒரு பிடி எடுத்து, ஒரு சின்னக் கிண்ணத்தில் போட்டு ஆச்சியிடம் கொடுத்துவிடுகிறேன். பல் எடுத்த பிறகு ஊறவைத்ததைத்தான் தின்கிறாள் என்பதால் அதையும் நனைத்தே வைக்கிறேன். தோசைக்கல் காயும்போது செவலை வாசலில் வந்து படுக்கிறாள். ஆச்சி ஒவ்வொன்றாக எடுத்து நீட்டுகிறார்கள். அவள் ஒவ்வொன்றையும் மென்று தின்கிறாள்.