நீர்மலையிலிருந்து கடல்மல்லைக்கு

தொண்டை நாட்டில் நீரால் பெயர் பெற்ற ஊர்கள் பல உண்டு. அவற்றுள் இரண்டு திருமங்கையாழ்வாரின் பாடலில் இடம்பெற்றவை. ஒன்று, தாம்பரத்தை அடுத்துள்ள திருநீர்மலை; மற்றொன்று, கடல்மல்லை என்னும் மாமல்லபுரம். மழைக்காலத்தில் சுற்றிலும் நீர் தேங்கி நின்றமையால் முன்னது நீர்மலை ஆயிற்று. ஆழ்வார் அங்கு வந்தபோது வெள்ளம் வழிமறித்தது என்றும், அது வடியும்வரை ஆறு திங்கள் காத்திருந்து மலையேறி வழிபட்டார் என்றும் தல வரலாறு கூறும். இன்று வெள்ளம் நின்ற இடங்களில் வீடுகள் நிற்கின்றன. மலைமேல் நின்று நோக்குவோர் ஏரியையும், வீட்டுக் கூரைகளையும், மீனம்பாக்கத்தில் ஏறி இறங்கும் விமானங்களையும் ஒருங்கே காணலாம்.

நீர்மலையில் ஆழ்வாரை மறித்தது மழைநீர். மல்லையில் இன்றுவரை கல்லோடு போராடி வருவது கடல்நீர். இவ்விரண்டு ஊர்களுக்கும் இடையே ஒருநாட் செலவில் காணத்தக்கவை பல. வண்டியில் விரைந்து சென்று, கோயிலை எட்டிப் பார்த்துத் திரும்புவோர்க்கு அவை புலப்படா. ஆங்காங்கே இறங்கி, காலால் நடந்து காண்போர்க்கே அவை தம்மைக் காட்டும்.

தாம்பரத்திலிருந்து வண்டலூர், கேளம்பாக்கம் வழியாகக் கிழக்கே சென்றால் உப்புக் காற்று முகத்தில் வீசத் தொடங்கும். சாலை பக்கிங்காம் கால்வாயைக் கடக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பகுதி பகுதியாக வெட்டப்பட்ட நீர்வழி அது. சென்னை நகருக்குள் அதன் இடைப்பகுதி, 1877-78ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் பசித்து வந்தோர்க்குக் கூலி கொடுத்து வெட்டுவிக்கப்பட்டது. விறகும் உப்பும் ஏற்றிய படகுகள் ஒருகாலத்தில் அதில் சென்றன. இப்போது அப்படகுகள் இல்லை.

கால்வாயைக் கடந்தால் கோவளம். பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பிய வணிகர் இங்கே தங்கி வாணிகம் செய்தனர். ஆர்க்காட்டு நவாபு இங்கு ஒரு கோட்டை எழுப்பினார். பிரெஞ்சுக்காரர் கைப்பற்றியிருந்த அக்கோட்டையை 1752ஆம் ஆண்டில் கிளைவு முற்றுகையிட்டுப் பிடித்தார். கோட்டை மறைந்தது, மீனவர் நிலைத்தனர். மரங்களைக் கயிற்றால் பிணைத்து அலைமேல் செல்லும் கட்டுமரம் இக்கடற்கரையின் பழங்கலம். கட்டுமரம் என்னும் தமிழ்ச்சொல்லே சிறிது திரிந்து ஆங்கில மொழியிலும் புகுந்தது. பலகைமேல் நின்று அலையோடு சறுக்கி வரும் விளையாட்டை இவ்வூர் மீனவ இளைஞர் எளிதில் கற்றுக்கொண்டதில் வியப்பில்லை. எந்த அலை எங்கே உடையும் என்பதை அவர்கள் நடை பழகும் பருவத்திலேயே அறிந்தவர்கள். 2013ஆம் ஆண்டில் இங்கு அலைச்சறுக்கு விழா நடைபெற்றது. 2025ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் ஆசிய நாடுகளின் அலைச்சறுக்குப் போட்டி மாமல்லபுரக் கரையிலேயே நடந்தது. ஆயினும், இக்கரையில் நீரின் இழுப்பு வலிது. கரையோரம் அமைதியாகத் தோன்றும் இடத்திலேயே உள்ளிழுக்கும் ஓட்டம் இருத்தல் கூடும். ஆதலால், மீனவர் வேண்டாம் என்று தடுக்கும் இடத்தில் இறங்குதல் அறிவுடைமை ஆகாது.

தெற்கே செல்லும்போது, மாமல்லபுரத்திற்குச் சில கல் தொலைவுக்கு முன் சாளுவன்குப்பம் உள்ளது. அங்குள்ள புலிக்குகையைப் பலரும் காண்பர். சிறு மாடம் ஒன்றைச் சுற்றி யாளித் தலைகள் வளைந்து நிற்கும் புதுமையான படைப்பு அது. அதன் அருகே, அதிரணசண்டம் என்னும் குடைவரையில் ஒரே செய்தி இரு சுவர்களில் இருவகை எழுத்துகளில் பொறிக்கப்பட்டுள்ளது. இவற்றினும் வியப்புக்குரியது சற்று வடக்கே மணலுள் கிடந்தது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியது. அது அளவற்ற உயிர்களைக் கொண்டு சென்ற கொடிய நாள். அலை மணலை அரித்துச் சென்றபின், ஒரு பாறையில் பழைய கல்வெட்டுகள் தென்பட்டன. அவை சுப்பிரமணியர் கோயில் ஒன்றைக் குறித்தன. அவ்விடத்தே அவ்வாறொரு கோயில் இல்லாமையால், தொல்லியலார் 2005ஆம் ஆண்டு முதல் அகழ்ந்து பார்த்தனர். மணலுக்கு அடியில் முருகன் கோயிலின் அடித்தளம் வெளிப்பட்டது. மேலே பல்லவர் காலக் கற்பணியும், அதற்கும் கீழே அதனினும் பழைய செங்கற் கட்டடமும் இருந்தன. வாயிலின் முன் கல்லால் ஆகிய வேல் ஒன்று கிடைத்தது. கடல் ஒருமுறை மூடியதைக் கடலே மற்றொருமுறை திறந்து காட்டியது.

இனி மல்லை. மாமல்லன் என்பது முதலாம் நரசிம்மவர்மனின் சிறப்புப் பெயர். அவன் ஏழாம் நூற்றாண்டினன். கடற்கரைக் கோயிலை எடுப்பித்தவன் அவனுக்குப் பின்வந்த இராசசிம்மன். இங்குள்ளவை அனைத்தும் இராசசிம்மன் காலத்தனவே என்று கருதும் அறிஞரும் உளர். அவ்வழக்கு எவ்வாறு முடியினும், இவ்வூரைக் காண்போர் முதலில் செல்ல வேண்டிய இடம் புகழ்பெற்ற கோயில்கள் அல்ல, முடிவுறாத கற்களே.

ஊர்நடுவே உள்ள குன்றின்மேல் ஏறி நடந்தால், அரைகுறையாக நின்றுபோன குகைகள் பல எதிர்ப்படும். பாறையின் முகத்தில் நெடுக்கும் குறுக்கும் கோடு வெட்டிச் சதுரங்களாகப் பிரித்திருப்பதும், ஒவ்வொரு சதுரத்தையும் உளியால் கொத்தி எடுத்து உட்சென்றிருப்பதும் அங்கே தெளிவாகத் தெரியும். முழுமை பெற்ற மண்டபத்தில் சிற்பியின் வழி மறைந்துவிடுகிறது. தூண் வழவழப்பாக நிற்கிறதேயன்றி, அது எவ்வாறு வந்தது என்று சொல்வதில்லை. பாதியில் நின்ற தூணோ, தொழிலின் மறைபொருள் அனைத்தையும் பிள்ளைக்குக் கற்பிப்பதுபோல் சொல்லிவிடுகிறது. ஊரின் மேற்புறத்தில் உள்ள பிடாரி இரதங்களுக்கும் வலையன்குட்டை இரதத்திற்கும் செல்வோர் மிகச் சிலரே. அங்குச் சிகரம் உருப்பெற்றிருக்க, அடிப்பகுதி வெறும் பாறையாகவே உள்ளது. வீடு கட்டுவோர் அடித்தளத்தில் தொடங்கி மேலே செல்வர். பாறையைக் குடைந்த பல்லவச் சிற்பியோ, உச்சியில் தொடங்கிக் கீழே இறங்கினான். மேலே சாரம் கட்டாமல், தான் நிற்கும் பாறையையே படியாகக் கொண்டு செதுக்கினான். பிழை நேர்ந்தால் மாற்றுக்கல் வைக்க இயலாத வேலை அது.

இதனை அறிந்தபின் ஐந்து இரதங்களுக்குச் சென்றால் அவை புதுப்பொருள் தரும். இவை பாண்டவர்க்கு உரியன அல்ல. அப்பெயர்கள் பிற்காலத்தார் இட்டவை. திரௌபதி இரதம் கூரை வேய்ந்த குடிசையின் வடிவம்; பீம இரதம் வண்டிக்கூடு போன்ற நீண்ட கூரையுடையது. மரத்தாலும் ஓலையாலும் கட்டிய பழைய கட்டடங்களின் சாயலைக் கல்லில் காத்து வைத்தவை இவை. நகுல சகதேவ இரதத்தின் பின்புறம் யானையின் முதுகுபோல் வளைந்திருக்கும். இவ்வமைப்பைத் தூங்கானை மாடம் என்பர். இதன் அருகிலேயே ஒரு கல் யானையையும் சிற்பி செதுக்கி நிறுத்தினான். நூலுக்கு உரை எழுதியவாறு, தன் கட்டடத்திற்குத் தானே உரை வகுத்தவன் போலும்!

பெரும்பாறைச் சிற்பத்தைப் பற்றி விரிக்கின் பெருகும். அதனை அருச்சுனன் தவம் என்பாரும் கங்கையின் இறக்கம் என்பாரும் உளர். ஏறத்தாழ 90 அடி நீளமுள்ள அப்பாறையில் தேவரும் முனிவரும் நாகரும் யானைகளும் நிறைந்துள்ளனர். அவர்களுக்கிடையே, ஒரு பூனை முன்னங்கால்களைத் தலைக்குமேல் உயர்த்தித் தவம் புரிய, அதன் அடியில் எலிகள் நிற்கும் காட்சியைத் தேடிக் காண்பது மாணவர்க்கு நல்ல விளையாட்டு. அண்மையில் உள்ள உருண்டைக்கல்லைச் செதுக்கியவர் எவருமில்லை. சரிவான பாறையில் ஒரு சிறு பரப்பில் ஊன்றி, 20 அடி உயரத்திற்கு அது நிற்கிறது. அச்சரிவில் சறுக்கி விளையாடிய பிள்ளைகளின் கால் பட்டுப் பாறை மெருகேறியுள்ளது.

குன்றின் உச்சியில் மகிடாசுரமர்த்தினி குகைக்கு மேலே ஒரு சிறு சிவன் கோயில் உள்ளது. இன்றைய கலங்கரை விளக்கம் எழுவதற்கு முன், பத்தொன்பதாம் நூற்றாண்டில் கப்பல்களுக்கு ஒளி காட்டியது அக்கோயிலின் உச்சியே. ஒலக்கண்ணேசுவரர் என வழங்கும் அதன் பெயரை, விளக்கிற்கு உழக்கு எண்ணெய் வார்த்த கதையோடு சேர்த்து 'உழக்கெண்ணெய் ஈசுவரர்' என்று ஊரார் விளக்குவர். சொல்லாராய்ச்சி இதனை ஏற்குமோ, அறியோம், கதை இனியது. அருகில் உள்ள இன்றைய விளக்கத்தில் படியேறினால் கடலும் ஊரும் ஒருசேரத் தோன்றும்.

மேலிருந்து காணும்போதுதான் கடற்கரைக் கோயில் எத்துணை விளிம்பில் நிற்கிறது என்பது விளங்கும். இது குடைந்தது அன்று. கல்லை வெட்டி அடுக்கிக் கட்டியது. பெரிய விமானம் கிழக்கு நோக்கியது. சிறியது மேற்கு நோக்கியது. இரண்டும் சிவனுக்கு உரியவை. நடுவே, இயற்கைப் பாறையில் செதுக்கிய திருமால் பள்ளிகொண்டுள்ளார். சுவரில் உள்ள சிங்கங்களையும் உருவங்களையும் அணுகிப் பார்த்தால் கண்ணும் மூக்கும் தேய்ந்து வெறும் மேடுகளாக நிற்பது தெரியும். காற்றில் வரும் உப்பு நுண்துளைகளில் புகுந்து உறைந்து, படிகமாகிப் பருத்து, கல்லின் மேற்பரப்பைத் துகள் துகளாக உதிர்க்கிறது. காற்றடித்து வரும் மணலோ அரம்போல் அராவுகிறது. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாக நடக்கும் இப்போரில் மனிதன் காலம் தாழ்த்தியே இறங்கினான். அலையைத் தடுக்கப் பெருங்கற்கள் கொட்டப்பட்டன. காற்றைத் தணிக்கச் சவுக்கு மரங்கள் நடப்பட்டன. தொல்லியல் துறையினர் காகிதக் கூழைச் சுவர்மேல் ஈரமாக அப்பி, அது உலரும்போது உட்புகுந்த உப்பு கூழிற்கு வந்து சேருமாறு செய்து நீக்குகின்றனர். ஆயினும் அதே காற்று மீண்டும் உப்பைக் கொண்டு வரும். கூழும் மீண்டும் அப்பப்படும்.

ஐக்கிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டு நிறுவனம் இச்சின்னங்களை 1984ஆம் ஆண்டில் உலக மரபுச் செல்வமாக ஏற்றது. அதற்கு முன்பே, 1957ஆம் ஆண்டில் இவ்வூரில் சிற்பம் கற்பிக்கும் அரசு நிலையம் தொடங்கப்பட்டது. ஊருக்குள் தெருவோரப் பட்டறைகளில் இன்றும் உளியோசை கேட்கிறது. அங்குப் பணி செய்யும் சிற்பியிடம் கல்லைத் தேர்வது எவ்வாறு என்று கேட்டால், அவர் கையில் உள்ள சுத்தியலால் இரண்டு கற்களைத் தட்டிக் காட்டுவார். ஒன்று மணிபோல் ஒலிக்கும், மற்றொன்று ஒலிக்காது.