கூரைக்குள் வந்த அணிற்பிள்ளை

"அணில் ஏறவிட்ட நாய் போல" என்பது நம்மவர் பழமொழி. மரத்தடியில் அண்ணாந்து பார்த்தபடி செய்வதறியாது நிற்கும் நாயின் நிலையை அது கூறுகிறது. சென்ற மழைக்காலத்தில் ஏறத்தாழ ஒரு மாதம் அந்த நாயின் நிலையில் நான் இருந்தேன். வேறுபாடு ஒன்றே. அணில் ஏறியது மரத்தில் அன்று. என் தலைக்கு மேலே, ஓட்டுக் கூரைக்கும் சீலிங் பலகைக்கும் இடையிலுள்ள இருட்டில்.

அரநாயக்க கேகாலை மாவட்டத்திலே மாவனல்லைக்குத் தெற்கே மலைச் சரிவுகளில் அமைந்த ஊர். அசுபினி எல்ல என்னும் அருவியினால் பலர் இவ்வூரின் பெயரை அறிந்திருப்பார்கள். தேயிலையும் இறப்பரும் ஒரு புறம். பலா, ஈரப்பலா, கித்துள், கமுகு, கராம்பு, சாதிக்காய் ஆகியவை அடர்ந்த வீட்டுத் தோட்டங்கள் மறுபுறம். மரத்துக்கு நடுவே வீடா, வீட்டுக்கு நடுவே மரமா என்று ஐயுறும் அளவுக்கு இரண்டும் இங்கே நெருங்கி நிற்கின்றன. எங்கள் வீட்டுப் பலாமரத்தின் கிளையொன்று கூரை ஓட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. அதன் நிழல் இதமாக இருந்தபடியால் அதை நாங்கள் ஒரு குறையாக நினைக்கவேயில்லை.

ஒரு நாள் மாலை மகள் படித்துக்கொண்டிருந்த அறையின் விளக்கு மினுங்கி மினுங்கி அணைந்தது. பல்பை மாற்றினோம், பயனில்லை. மறுநாள் தோட்டத்து லயத்திலிருந்து வயர் வேலை தெரிந்த இளைஞர் ஒருவரை அழைத்து வந்தேன். சீலிங் பலகையொன்றைக் கழற்றி, கைவிளக்குடன் தலையை உள்ளே நுழைத்தவர், சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "சேர், வயரைக் கட்டினவங்க மேல குறை இல்லை. அணில் கடிச்சிருக்கு. செம்பு வெளியே தெரியுது. பக்கத்திலேயே தும்பும் பஞ்சுமா கூடு கட்டியிருக்கு" என்றார்.

உலர்ந்த தேங்காய்த் தும்புக்குப் பக்கத்திலே உறையிழந்த மின்கம்பி! அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

வந்திருப்பவர் யார்?

கூரைக்குள் சத்தம் கேட்டவுடனேயே எலி என்று முடிவு கட்டிவிடுவது நம் வழக்கம். அது தவறு. வந்திருப்பது எந்தப் பிராணி என்று அறியாமல் செய்யும் பரிகாரம் வீணாகிப்போகும். இதற்கு நேரமே நல்ல சாட்சி. அணில் பகலில் நடமாடும் பிராணி. பொழுது புலர்ந்ததும் ஓடத் தொடங்கி, இருட்டுவதற்குள் அடங்கிவிடும். நள்ளிரவில் சுரண்டும் சத்தம் கேட்டால் எலியைத் தேடுங்கள். யாரோ ஒருவர் மெல்ல நடப்பது போல் இரவில் கனத்த ஒலி கேட்டு, சீலிங் பலகையில் மூத்திரக் கறையும் தெரிந்தால், அது மரநாயாக இருக்கக்கூடும். பகலில் ஓடுகள் இடம்பெயர்ந்து உடைந்து கிடந்தால் குரங்கின் வேலையாக இருக்கலாம்.

நம் தோட்டத்து அணிலைத் தொல்காப்பியர் நன்றாகவே பார்த்திருக்கிறார். மூன்று வரிகளை உடையது என்று அடையாளம் கூறி, அதன் இளமைப் பெயர் குட்டி என்று மரபியலிலே வகுத்திருக்கிறார். ஐரோப்பிய அறிஞரான லின்னேயஸ் 1766 ஆம் ஆண்டில் இதனை விவரித்துப் பெயரிட்டார். இன்று விஞ்ஞானிகள் இதனைப் பூனம்புலஸ் பால்மாரம் என்பர். முதற்சொல்லுக்கு இலத்தீன் மொழியில் கயிற்றின் மேல் நடப்பவன் என்பது பொருள். துணி காயப்போடும் கொடியிலும் தொலைபேசிக் கம்பியிலும் இது ஓடுவதைக் கண்டவர்கள் அந்தப் பெயரின் பொருத்தத்தை ஒப்புக்கொள்வார்கள்.

நம் அயலவரான சிங்கள மக்கள் இதனை 'லேனா' என்பார்கள். 'தண்டு லேனா' என்று அவர்கள் சொல்வது வேறு. அது மலையணில், உருவத்திலே மிகப் பெரியது. மரக் கிளைகளில் இலைகளைச் சேர்த்துக் கூடு கட்டுவது அதன் இயல்பு. கூரைக்குள் வந்து குடியிருப்பதைவிடத் தேங்காயையும் கொக்கோவையும் பதம் பார்ப்பதே அதன் தொழில். 2025 மார்ச் 15 ஆம் தேதி காலை 8 மணி முதல் ஐந்து நிமிடம் இலங்கை முழுவதும் பயிருக்குத் தீங்கு செய்யும் விலங்குகளை எண்ணியபோது, குரங்கு, மயில் ஆகியவற்றோடு மலையணிலும் கணக்கில் சேர்ந்தது. நாம் இங்கே பேசுவது அந்தப் பெரியவரைப் பற்றியல்ல. ஏறத்தாழ 100 கிராம் எடையுள்ள சின்னவரைப் பற்றியே.

பல்லின் கட்டாயம்

மின்கம்பியை அணில் ஏன் கடிக்கிறது? பசியாலா, பகையாலா? இரண்டும் இல்லை. கொறிக்கும் பிராணிகளின் முன்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். பல்லின் முன்பக்கம் கடினமானது, பின்பக்கம் மென்மையானது. கொறிக்கக் கொறிக்கப் பின்பக்கம் விரைவில் தேய்ந்து, பல் உளி போலக் கூர்மை பெறுகிறது. கொறிக்காவிட்டால் பல் நீண்டு, உண்ண முடியாமற் போகும். ஆகவே கொறிப்பது அதற்குக் குறும்பு அன்று, பிழைப்பு. கொட்டையும் பட்டையும் கிடைக்காத இருட்டிலே அது வயரின் மேலுறையைக் கொறிக்கிறது.

இந்தச் சிறு பல் பெரும் பெரும் நிறுவனங்களையும் ஸ்தம்பிக்கச் செய்திருக்கிறது. 1987 டிசம்பர் 9 ஆம் தேதி அமெரிக்காவிலே நாஸ்டாக் பங்குச் சந்தையின் கணினி நிலையத்துக்கு வரும் மின்சாரத்தை ஓர் அணில் துண்டித்துவிட்டது. ஒரு மணி நேரத்துக்கும் அதிகமாக வியாபாரம் நின்றது. 1994 இல் மீண்டும் ஓர் அணிலால் அதே சந்தை தடைப்பட்டது. அத்தகைய இடத்திலேயே அந்தக் கதி என்றால், நம் வீட்டுக் கூரைக்குள் 230 வோல்ட் ஓடும் கம்பியைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ?

நான் செய்த பிழை

வயரைச் சீர்செய்த மறுநாளே நான் ஏணி வைத்து ஏறினேன். பலாக் கிளைக்கு நேராக, தாழ்வாரத்தில் கடைசி ஓட்டின் கீழே, இரண்டு விரல் நுழையக்கூடிய இடைவெளி ஒன்று தெரிந்தது. தாய் அணில் வெளியே போவதைப் பார்த்துக்கொண்டிருந்து, தகரத் துண்டு ஒன்றை வைத்து ஆணியடித்து அதை மூடிவிட்டேன். பெரிய காரியம் செய்துவிட்ட திருப்தியோடு தேநீர் அருந்தினேன்.

பிற்பகலில் அந்த அணில் திரும்பி வந்தது. தகரத்தைச் சுரண்டியது, பல்லால் கடித்தது, கிளைக்கு ஓடி வாலை உதறிக்கொண்டு விடாமல் கத்தியது, மறுபடியும் தகரத்துக்கு வந்தது. சிறிது நேரத்தில் சீலிங் பலகைக்குள்ளிருந்து மெல்லிய கீச்சொலி கேட்டது. மகள் புத்தகத்தை மூடிவிட்டு, "அப்பா, உள்ளே குட்டி இருக்குது" என்றாள். என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. ஏணியை எடுத்து வந்து சுவரிலே சாத்தினார்.

மூடிய கையாலேயே தகரத்தைக் கழற்றினேன். அன்றைக்கு மறுநாள் காலை, நாங்கள் ஜன்னலோரம் நின்று பார்க்க, அந்தத் தாய் தன் குட்டியொன்றை வாயில் கவ்விக்கொண்டு வெளியே வந்து, பலாமரத்தின் உச்சிக்குச் சென்றது. மறுபடி வந்து இன்னொன்றை எடுத்துச் சென்றது. மூன்றாவதையும் கொண்டுபோன பின்னர் திரும்பி வரவில்லை. வகுப்பறையிலே ஜீவகாருண்யத்தைப் பற்றி நீண்ட நேரம் பேசுபவன் நான். அன்றைய பாடத்தை என் வீட்டுத் தாழ்வாரத்திலேதான் கற்றேன்.

வழியை அடைக்கும் முறை

இந்த அனுபவத்திலிருந்து நான் அறிந்ததை வரிசையாகக் கூறுகிறேன். வரிசைதான் இங்கே முக்கியம்.

முதலாவது, பார்த்தல். அணில் ஒரு முறைக்கு இரண்டு அல்லது மூன்று குட்டிகளை ஈனும். கரு தாங்கும் காலம் ஏறத்தாழ ஐந்து வாரம். குட்டி பால்குடி மறக்க ஏறத்தாழ பத்து வாரம் செல்லும். பிறந்த குட்டிக்குக் கண் திறந்திராது, உடலில் மயிரும் இராது. ஆதலால் கூடும் குட்டியும் இருக்கின்றனவா என்று பார்க்காமல் எந்தத் துவாரத்தையும் மூடலாகாது. குட்டிகள் இருந்தால் தாய் கொண்டுபோகும் வரை, அல்லது அவை தாமே வெளியே ஓடித் திரியும் வரை பொறுத்திருக்க வேண்டும். அதற்குள் ஆபத்தான மின்கம்பியைத் தெரிந்தவரைக் கொண்டு சீர்செய்து, அந்த அறையின் மின்சாரத்தை நிறுத்தி வையுங்கள். ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்பதையும் அப்போதே சோதித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, சோதித்தல். துவாரத்திலே கசக்கிய பத்திரிகைத் தாளை இலேசாகச் செருகி வையுங்கள். உள்ளே உயிருள்ளது ஏதேனும் இருந்தால் தாள் தள்ளப்பட்டிருக்கும் அல்லது கிழிந்திருக்கும். மழையற்ற இரண்டு மூன்று நாட்களுக்குத் தாள் அசையாதிருந்து, உள்ளே சத்தமும் இல்லையானால், இனி மூடலாம். எனினும் அசைய முடியாத சிறு குட்டி தாளைத் தள்ளாது. ஆகவே கைவிளக்கால் ஒரு முறை பார்த்துவிடுவதே உத்தமம்.

மூன்றாவது, அடைத்தல். பஞ்சு, ரெஜிபோம், மெல்லிய பலகை, பிளாஸ்டிக் ஆகியவை அணிலின் பல்லுக்கு முன் நில்லா. நாகம் பூசிய, அரை அங்குலத்துக்கு மேற்படாத கண்ணுடைய தடித்த கம்பிவலையே ஏற்றது. கோழிக்கூட்டுக்கு அடிக்கும் மெல்லிய வலை போதாது. தகரக் கூரையிலும் நெளிதகட்டுக் கூரையிலும் ஒவ்வொரு நெளிவின் முனையும் ஒரு வாசல் என்பதை நினைவிற் கொள்ளுங்கள். லயக் கூரைகளில் பெரும்பாலும் அவைதாம் வழி. பீலிக்குப் பின்புறத்தையும், இரு கூரைகள் சேரும் மூலையையும் மறவாதீர்கள். காற்றோட்டத்துக்கு வைத்த துவாரங்களை முற்றாக மூடாமல் வலை மட்டும் அடிக்க வேண்டும். இல்லையேல் அணில் போய் ஈரமும் பூஞ்சணமும் வரும்.

நஞ்சு வைக்கலாமே என்று சிலர் கேட்பர். வேண்டாம். நஞ்சுண்ட பிராணி எட்டாத மூலையில் கிடந்து அழுகி, வீடு முழுவதும் நாறும். அதைத் தின்ற பூனைக்கும் ஆந்தைக்கும் அந்த நஞ்சு போய்ச் சேரலாம். அப்படியும் துவாரம் திறந்தே இருக்கும். நாளை வேறோர் அணில் வரும்.

மரத்தை வெட்டலாமா?

"மரம் இருந்தால்தானே அணில் வரும்? அதை அடியோடு தறித்துவிடுங்கள்" என்று ஒரு நண்பர் எனக்கு யோசனை கூறினார். வேறு ஊரில் அந்த யோசனையைப் பற்றிச் சிந்தித்திருப்பேன். அரநாயக்கவில் இருப்பவன் அதைக் கேட்டதும் தயங்குவான்.

2016 மே 17 ஆம் தேதி, நாட்கணக்காகப் பெய்த பெருமழைக்குப் பின், இங்குள்ள சாமசர மலையின் ஒரு பகுதி சரிந்து எலங்கபிட்டிய, சிரிபுர, பல்லேபாகே கிராமங்களின் மீது விழுந்தது. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் இறந்தும் காணாமலும் போயினர். அந்தப் பெருஞ் சரிவை மரங்களால் மட்டும் தடுத்திருக்க முடியும் என்று சொல்ல நான் வரவில்லை. ஆனால் சரிவான நிலத்திலே மேல்மண்ணைப் பிடித்து வைத்திருப்பவை வேர்களே. மரத்தைத் தறித்தால் சில ஆண்டுகளில் வேர் உக்கி அந்தப் பிடி தளர்ந்துவிடும். ஓர் அணிலுக்குப் பயந்து வீட்டின் காலடியிலுள்ள மண்ணைத் தளர்த்துவது புத்திசாலித்தனமா?

கிளையை மட்டும் வெட்டுங்கள். கூரையிலிருந்து ஆறு முதல் எட்டு அடி தூரம் வரை கிளை எதுவும் நீளாமல் பார்த்துக்கொண்டால், பாய்ந்து வருவது அணிலுக்குக் கடினமாகும். தனியே நிற்கும் தென்னையாயின், ஆளுயரத்துக்கு மேலே இரண்டடி அகலத் தகரத்தைச் சுற்றிக் கட்டலாம். வழுக்கும் தகரத்தில் நகம் பிடிக்காது. மரம் பருக்கப் பருக்கக் கட்டை இளக்கிவிட வேண்டும். கூரையோடு கட்டிய துணிக் கொடியை வேறிடத்துக்கு மாற்றிவிடுங்கள். கயிற்றின் மேல் நடப்பவனுக்கு அதுவே பாலம்.

பாலம் என்றதும் சேது நினைவுக்கு வருகிறது. இராமபிரானுக்கு அணை கட்ட அணிலும் உதவியது என்ற செய்தி வால்மீகியின் நூலில் இல்லை. தொண்டரடிப்பொடி ஆழ்வாரின் திருமாலையிலே அது இடம்பெற்றிருக்கிறது. இராமன் அன்போடு தடவியதால் முதுகில் வரி விழுந்தது என்பது நம் பாட்டிமார் சொல்லும் கதை. என் மகளுக்கும் அந்தக் கதை தெரியும். சித்திரை பிறக்குமுன் தாழ்வாரம் முழுவதும் கம்பிவலை அடித்து முடித்தேன். பலாக் கிளையையும் எட்டடிக்கு வெட்டியாயிற்று. கூரைக்குள் இப்போது அமைதி. மகளின் விளக்கு நின்று எரிகிறது. விடியற்காலையில் பலாமரத்தின் உச்சியிலிருந்து கீச்சுக் கீச்சென்ற சத்தம் கேட்கும்போது, அவள் புத்தகத்திலிருந்து தலையை உயர்த்தி ஒரு முறை பார்த்துவிட்டு, மறுபடியும் படிக்கத் தொடங்குகிறாள்.