சிரிப்பு பிறக்கும் இடம்

மெய்ப்பாடுகள் எட்டினை வரிசைப்படுத்திய தொல்காப்பியர் நகையையே முதலில் வைத்தார். அழுகை, அச்சம், வெகுளி முதலியன அதன் பின்னரே வருகின்றன. நகை பிறக்கும் நிலைக்களன்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய நான்கினையும் அவர் சுட்டுகிறார். இவற்றுள் பேதைமையும் மடனும் ஒன்றுபோலத் தோன்றலாம், அவை ஒன்றல்ல. பேதைமை அறிவின்மை. மடன் என்பதோ, பிறர் கொளுத்தக் கொண்டதை விடாது பற்றி நிற்றல் என்று பேராசிரியர் உரை வகுக்கிறார். இந்த வேறுபாடு நகைச்சுவையைச் சுவைக்க விழைவார்க்கு ஒரு திறவுகோல். ஒன்றும் அறியாதவனைக் காண்பதைவிட, தவறாக அறிந்ததை முழு நம்பிக்கையுடன் செயற்படுத்துபவனைக் காண்பதே மிகுந்த சிரிப்பை விளைவிக்கிறது.

வீரமாமுனிவர் (1680–1747) இயற்றிய பரமார்த்த குருவின் கதை இதற்குத் தக்க சான்று. தேம்பாவணி என்னும் காப்பியத்தையும் சதுரகராதியையும் தந்த அதே கை, குருவும் சீடர் ஐவரும் ஓர் ஆற்றைக் கடக்கும் கதையையும் எழுதியது. ஆறு கொடியது, அது உறங்கும் வேளையில்தான் கடக்க வேண்டும் என்று குரு கருதுகிறார். ஆறு உறங்குகிறதா விழித்திருக்கிறதா என்று அறிந்துவரச் சீடன் ஒருவன் கொள்ளிக்கட்டையுடன் செல்கிறான். எட்டி நின்று அதனை நீரில் தோய்க்கிறான். நீர் சீறுகிறது, புகை எழுகிறது. ஆறு விழித்திருக்கிறது என்று அஞ்சி ஓடிவருகிறான். சிறிது பொழுது கழித்து மீண்டும் சோதனை நடைபெறுகிறது. இம்முறை நீரில் தோய்வது முன்னர் நனைந்து அணைந்துபோன அதே கட்டை. ஓசை எழவில்லை. ஆறு உறங்கிவிட்டது என முடிவு செய்து, அரவமின்றி அனைவரும் கடக்கின்றனர்.

இக்கதையில் சீடர்களின் தருக்கம் எங்கே பிழைபட்டது என்று தேடிப் பாருங்கள். சோதனை செய்கிறார்கள், விளைவைக் கவனிக்கிறார்கள், விளைவிலிருந்து முடிவுக்கு வருகிறார்கள். ஆய்வுக்கூடத்தில் நாம் பின்பற்றும் ஒழுங்குதான் இது. ஆறு உறங்கும் என்ற அடிப்படை ஒன்றுமட்டுமே தவறு. அந்த ஒரு தவற்றின்மேல் பழுதற்ற ஒழுங்குடன் ஒரு மாளிகை எழும்புகிறது. நகைச்சுவை ஒழுங்கின்மையிலிருந்து பிறக்கிறது என்று பலர் எண்ணுகின்றனர். நல்ல நகைச்சுவைக்கு வேண்டுவது கடுமையான ஒழுங்கு. அஃது தவறான இடத்திலிருந்து தொடங்க வேண்டும், அவ்வளவே.

கரையேறிய பின் நிகழ்வதும் இவ்வகையினதே. எண்ணிப் பார்க்கும் ஒவ்வொருவனும் தன்னை விட்டுவிட்டு ஐவரையே காண்கிறான். ஆறு ஒருவரை விழுங்கிற்றென்று கூடி அழுகிறார்கள். எண்ணத் தெரியாததால் வந்த பிழையன்று இது. எண்ணுபவனும் எண்ணப்பட வேண்டியவன் என்பது மறந்ததால் வந்த பிழை. ஊரார் குறைகளைப் பட்டியலிடும்போது நம்மில் பலர் செய்வதும் இதுவாகையால், சிரித்து முடித்த பின்னும் இக்காட்சி நெஞ்சில் தங்கிவிடுகிறது. மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் எனச் சீடர்களுக்குப் பெயரிட்டது மட்டும் சற்று மிகையென்றே தோன்றுகிறது. செயலே அறிவிக்கும் ஒன்றைப் பெயரும் அறிவிக்க வேண்டுமா?

இனி, சொல்லமைப்பு. குறுநகைச்சுவையில் ஒரு சொல் இடம் மாறினாலும் சிரிப்பு மறைந்துவிடும். பின்வரும் துணுக்கைக் காண்க:

“எங்கள் ஊர் நூலகத்தில் ‘அமைதி காக்கவும்’ என்னும் பலகையை மாட்டுவதற்காக மூன்று நாளாய் ஆணி அடிக்கிறார்கள்.”

தமிழ்த் தொடரில் பயனிலை பெரும்பாலும் இறுதியில் நிற்கும். ஆதலால் எதிர்பாராத செய்தியைக் கடைசிச் சொல்வரை மறைத்துவைக்க நம் மொழியே துணைசெய்கிறது. ‘ஆணி அடிக்கிறார்கள்’ என்பது வரும்வரை இஃது ஒரு சாதாரண ஊர்ச்செய்தி. ‘மூன்று நாளாய்’ என்பதையும் நோக்குக. ஓர் அடியோடு வேலை முடிந்திருந்தால் அதில் சிரிக்க ஒன்றுமில்லை. மூன்று மாதம் என்றால் நம்ப இயலாது. நம்பிக்கையின் விளிம்பில் நிற்கும் அளவே மிகைக்கு ஏற்ற அளவு. இத்தொடரின் இறுதியில் ‘அந்தச் சத்தத்தில் யாராலும் படிக்க முடியவில்லை’ என்று சேர்த்துப் படித்துப் பாருங்கள். துணுக்கு விளக்கமாகிவிடுகிறது. கடைசி அடியைப் படிப்பவர் தாமே எடுத்து வைக்கும்போதுதான் சிரிப்பு அவருக்கு உரியதாகிறது. வீரமாமுனிவரின் இரண்டாவது சோதனை சுவைப்பதற்கும் இதுவே காரணம்: ஆற்றின் உறக்கத்திற்குக் காரணம் கட்டை அணைந்திருந்ததே என்பதை நாம் அறிகிறோம், சீடர்கள் அறியார்.

காளமேகப் புலவரின் சிலேடைப் பாடல்கள் தரும் இன்பம் சற்று வேறானது. அங்கே இரு பொருள்கள் ஒரே சொல்லில் மோதுகின்றன; நாம் வியந்து சிரிக்கிறோம். பேதைமையைவிடப் புலமையே அச்சிரிப்பின் ஊற்று. தொல்காப்பியரின் நான்கனுள் இதனை எங்கே அடக்குவது என்பது வகுப்பில் வாதிடத்தக்க வினா.

எஞ்சி நிற்பது எள்ளல். நான்கனுள் மிகுந்த கவனத்துடன் கையாள வேண்டியதும் இதுவே. எள்ளல் இருவகைப்படும் என்பார் பேராசிரியர்: தான் பிறரை எள்ளி நகுதல் ஒன்று, பிறர் தன்னை எள்ளியவழித் தான் நகுதல் மற்றொன்று. பிந்தியது அரிது. முந்தியது எங்கும் மலிந்து கிடக்கிறது. ஒருவரது உடற்பருமன், திக்குவாய், நிறம், வட்டார வழக்கு ஆகியவற்றை வைத்து உருவாகும் துணுக்குகள் கைப்பேசிகளில் நாள்தோறும் சுற்றி வருகின்றன. அவற்றுள் சில நம்மைச் சிரிக்க வைப்பதும் உண்மை. சிரிப்பு வந்துவிட்டது என்பதனாலேயே அவை நல்ல நகைச்சுவை ஆகிவிடா. அவர் மாற்றிக்கொள்ளக்கூடிய ஒன்றைப் பற்றிச் சிரிக்கிறோமா? அவரால் நமக்கு மறுமொழி கூற முடியுமா? அவர் முன்னிலையிலேயே இதனைச் சொல்வோமா? நடு வரிசையில் அமர்ந்து, தன்னைப் பற்றிய கேலிக்குத் தானும் சேர்ந்து சிரிக்கும் மாணவரை எந்த வகுப்பிலும் காணலாம். அவரது சிரிப்பு பேராசிரியர் கூறிய இரண்டாம் வகையா, வேறு வழியின்மையா என்பதைப் பக்கத்து இருக்கைக்காரரே அறிவார்.

எள்ளலைப் பெரியோரை நோக்கித் திருப்பியவர் புதுமைப்பித்தன் (1906–1948). ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ 1943ஆம் ஆண்டு வெளிவந்த சிறுகதை. சென்னை பிராட்வே முனையில் சில்லறைக் கணக்குப் போட்டபடி நிற்கும் கந்தசாமிப் பிள்ளைமுன் கடவுள் மனித உருவில் வந்து நிற்கிறார். பிள்ளை மெய்சிலிர்க்கவில்லை, காலில் விழவில்லை. இருவரும் காப்பி அருந்தச் செல்கிறார்கள். காப்பியில் கலந்த சிக்கரி பற்றிப் பேச்சு எழுகிறது. தாம் நடத்தும் மருத்துவ இதழுக்குக் கடவுளையே ஆயுள் சந்தாதாரர் ஆக்குவதில்தான் பிள்ளையின் கருத்து ஊன்றியிருக்கிறது.

நகை இங்கே எவர்மீது பாய்கிறது? பிள்ளைமீது என்று விடையளித்தால் பாதியே சரி. பணமுடை நெருக்கும் வாழ்வில் வியப்படையக்கூட அவருக்கு ஓய்வில்லை. கடவுள்மீதா என்றால், குழந்தை வள்ளியோடு விளையாடும் கடவுளிடம் நமக்கு அன்பே தோன்றுகிறது. கலைப்புரவலர் ஒருவர் முன்னிலையில் கூத்தபிரானே ஆடிக் காட்டியும் அந்த ஆட்டம் ஏற்கப்படாது போகும் இடத்தில்தான் எள்ளலின் முனை வெளிப்படுகிறது. கோயிலில் சிலையாக நிற்பின் வணங்குவோர், நேரில் வந்து ஆடினால் குறை காண்கிறார்கள். இத்தனையையும் ஆசிரியர் ஒரு புன்முறுவலும் இன்றி, அன்றாடச் செய்தியைச் சொல்லும் குரலிலேயே சொல்லிச் செல்கிறார். கடவுள் மறைந்த பின்னும் அக்குரல் உயரவில்லை. பிள்ளை கணக்கேட்டைத் திறந்து, அவர் தந்த சந்தாவை வரவில் எழுதிக்கொள்கிறார்.