துப்பாக்கிக் குண்டுக்குக் கறுப்புப் பூச்சு!

1857-ம் ஆண்டின் சிப்பாய்க் கிளர்ச்சியைப் பற்றிக் கேள்விப்படாதவர்கள் இருக்க முடியாது. புதிய தோட்டாக்களில் பசுவின் கொழுப்பும் பன்றியின் கொழுப்பும் தடவி இருப்பதாகப் பேச்சு பரவியது. அந்தத் தோட்டாவின் காகிதத்தைப் பல்லால் கடித்துக் கிழிக்கவேண்டும். சிப்பாய்கள் கொதித்து எழுந்தார்கள்.

அது சரி, தோட்டாவுக்குக் கொழுப்பு எதற்கு?

ரைபிள் குழலின் உட்புறம் வழுவழுப்பாக இருக்காது. திருகு போலச் சுற்றிச் செல்லும் பள்ளங்கள் இருக்கும். அவற்றில் உரசிச் சுழன்றபடிதான் குண்டு வெளியே பாயும். சுழன்றால்தான் குறி தவறாது. அந்தக் காலத்தில் குண்டைக் குழலின் வாய் வழியாகக் குச்சியால் இடித்து இறக்கினார்கள். குழலில் படிந்த மருந்துக் கரி இறுகி, குண்டு சிக்கிக்கொள்ளும். அதற்காகத்தான் கொழுப்பு!

செம்புச் சட்டை

1886-ல் பிரான்சு நாட்டு ராணுவம் புகை இல்லாத வெடிமருந்தைக் கொண்டுவந்தது. குண்டின் வேகம் கூடியது. வெறும் ஈயக் குண்டால் அந்த வேகத்தைத் தாங்க முடியவில்லை. எனவே ஈயத்துக்கு மேலே செம்பும் நிக்கலும் கலந்த உலோகத்தால் சட்டை போட்டார்கள்.

அதில் ஒரு தொல்லை. சட்டை உலோகம் உரசி உரசி, குழலுக்குள் கட்டி கட்டியாக ஒட்டிக்கொண்டது. குறி தவறியது. அமெரிக்காவில் போட்டிக்கு வந்தவர்கள் குண்டின் நுனியைக் கிரீசில் தோய்த்துச் சுட்டார்கள்.

1921-ம் ஆண்டு. ஒஹையோ மாநிலத்தில் ஈரி ஏரிக்கரையில் உள்ள கேம்ப் பெர்ரியில் தேசிய துப்பாக்கிச் சுடும் போட்டி நடந்தது. அதற்காக, வெள்ளீயம் பூசிய குண்டுகளை ராணுவத் தொழிற்சாலை செய்து கொடுத்தது. இனிக் கிரீஸ் தேவை இல்லை, தடவவும் கூடாது என்று சொல்லப்பட்டது. கேட்டார்களா? பழக்கம் விடவில்லை. சிலர் தடவினார்கள்.

விளைவு விபரீதமானது. வெள்ளீயம், தோட்டாவின் பித்தளைக் கூட்டோடு பற்றவைத்தது போல ஒட்டிக்கொண்டிருந்தது. கூட்டின் கழுத்து சற்று விரிந்தால்தான் குண்டு விடுபடும். கழுத்தைச் சுற்றிக் கிரீஸ் அப்பியிருந்ததால் விரிய இடம் இல்லை. வாயுவின் அழுத்தம் எகிறியது. துப்பாக்கிகள் பழுதாயின. பிறகு செம்பும் துத்தநாகமும் கலந்த சட்டை வந்தது. அது அவ்வளவாக ஒட்டவில்லை. கிரீசும் போயிற்று.

தானே செய்யும் தோட்டா

அமெரிக்காவில் வேட்டைக்காரர்களும் போட்டிக்காரர்களும் வீட்டிலேயே தோட்டா செய்துகொள்கிறார்கள். சுட்ட பித்தளைக் கூட்டைச் சுத்தம் செய்து, புதிய பொறி மருந்தும் வெடிமருந்தும் குண்டும் பொருத்துவார்கள். (இந்தியாவில் உரிமம் இல்லாமல் தோட்டா செய்வது குற்றம்!)

இவர்களிடம் 1990-ம் ஆண்டுகளில் ஒரு கறுப்புப் பொடி பரவியது. அதன் பெயர் மாலிப்டினம் டைசல்பைடு. பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். லாரிப் பட்டறையில் பார்க்கும் கறுப்புக் கிரீசில் இதுவும் சேர்வது உண்டு. தொட்டால் பென்சில் கரி போல வழுக்கும். எண்ணெய்ப் பசை கிடையாது.

குண்டுகளை இந்தப் பொடியோடும் சிறு இரும்புக் குண்டுகளோடும் டப்பாவில் போட்டு, எந்திரத்தால் உருட்டுவார்கள். குண்டு கன்னங்கரேல் என்று ஆகிவிடும். பிறகு, பிரேசில் நாட்டுப் பனை ஓலையில் இருந்து எடுக்கும் மெழுகை அதன்மேல் ஏற்றுவதும் உண்டு. கை கறுப்பாவதை விரும்பாதவர்களுக்குப் போரான் நைட்ரைடு என்ற வெள்ளைப் பொடி இருக்கிறது.

வேகம் குறைந்தது!

வழுக்கினால் குண்டு வேகமாகப் போகும் என்றுதானே நினைப்போம்? நடந்தது நேர்மாறு! அதே அளவு மருந்து போட்டும் வேகம் குறைந்தது.

ஏன்? குண்டு பள்ளங்களில் புகும்போது முரண்டு பிடித்தால், பின்னால் வாயு நெருக்கி அழுத்தும். மருந்தும் வேகமாக எரியும். பூசிய குண்டு சுலபமாக நழுவிவிடுகிறது. எனவே அழுத்தமும் குறைவு, வேகமும் குறைவு.

போன வேகத்தை மீட்க, மருந்தைச் சற்றுக் கூட்டினார்கள். ஆபத்து இங்கேதான் ஒளிந்திருக்கிறது. பூசிய குண்டுக்காகக் கூட்டிய மருந்தின் மேல், மறதியாகப் பூசாத குண்டை வைத்துவிட்டால்? அது முரண்டு பிடிக்கும். அழுத்தம் அளவுக்கு மேல் ஏறும். துப்பாக்கியே உடையலாம். சுடுகிறவர் முகம் அதிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருக்கிறது!

பூச்சினால் குழலில் செம்பு ஒட்டுவது குறைகிறது, அடிக்கடி துடைக்கவேண்டியதில்லை என்று சிலர் மெச்சுகிறார்கள். பொடியே குழலில் படிந்துவிடுகிறது, அதைத் துடைத்து எடுப்பது பெரும்பாடு என்று வேறு சிலர் கைவிட்டுவிட்டார்கள். இந்த வழக்கு இன்னும் தீரவில்லை.

கவனமுள்ளவர்கள் பூசிய குண்டையும் பூசாத குண்டையும் ஒரே மேசையில் வைப்பதில்லை. எந்தக் குண்டு, எவ்வளவு மருந்து, என்றைக்கு நிரப்பியது என்று ஒவ்வொரு பெட்டியின் மேலும் சீட்டு ஒட்டுகிறார்கள். சீட்டு கிழிந்த பெட்டியில் உள்ள தோட்டாவைச் சுடுவதில்லை. பிரித்துவிடுகிறார்கள்.